களத்துக் காத்தை வூட்டுக்குள்ள கூப்ட்டேன்

பேய், காத்து, கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சா "வேற வேலை இருந்தா பாருங்க"ன்னு எழுந்து போற ஆளுங்க நானு. இப்ப நானே சொல்ல வந்துட்டேன், நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சிரிங்க.

ஜவ்வாது மலையில எங்க வூட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குது. ஆலங்காயத்துல பாய் ஒருத்தர் கடையில செகண்ட்ஸ்ல வாங்கினது. அதுல நான் கதை படிச்சு ரெக்கார்ட் பண்ணி ஒரு கம்பெனிக்கு அனுப்புவேன். கொரல் நல்லா இருக்குதுன்னு எடுத்துக்கினவங்க, பின்னாடி மாவு மிஷின் ஓடுற மாதிரி சத்தம் வருதுன்னு ரெண்டு தபா திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாம் அந்த கம்ப்யூட்டர் ஃபேன் போடுற சத்தம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சத்தமில்லாம அனுப்பலன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னாங்க. எங்க வூட்டுக்காரரு, "இதுவும் போச்சுன்னா வாணியம்பாடிக்குப் போய் தோல் கம்பெனியில சேந்துடலாம், நெலத்தைக் குத்தகைக்கு வுட்டுடலாம்"னு சொல்லிட்டாரு. எனக்கு வந்துச்சே ஒரு ரோஷம்! மலையை வுட்டு நான் எறங்க மாட்டேன், இந்த சனியன் வாயை இன்னிக்கே அடைக்கிறேன்னு புடவையை இழுத்து சொருகினேன்.

மொதல்ல இன்னா பண்ணேன், கம்பளியை எடுத்து கம்ப்யூட்டர் பொட்டி மேல போத்திட்டேன். சத்தம் அடங்குச்சு, கொஞ்ச நேரத்துல பொட்டியும் அடங்கிடுச்சு, சூட்டுல தானா ஆஃப் ஆகி தொட்டா கை சுட்டுச்சு. பாய்க்கு போன் போட்டேன். "மூச்சு முட்ட வெச்சா எது உயிரோட இருக்கும்மா? தொறந்து தூசியத் தட்டுங்க"ன்னாரு. தொறந்தா, அடியாத்தி, ஃபேனுக்குக் கீழ ஒரே சாமை உமி! எங்க வூட்டுக்குப் பக்கத்துலயே களம், தூத்துற உமியெல்லாம் இது உள்ளாற போய் மெத்தை போட்டிருக்குது. ஃபேனைக் கழட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால தேய்ச்சு, சைக்கிள் பம்புல ஊதி, சூடு எறங்க சிப்பு மேல தடவுறதுக்குன்னு பாய் குடுத்து வெச்சிருந்த பேஸ்டை மொளவு அளவு வெச்சு, அறுந்துபோன செருப்புல ரப்பர் வெட்டி ஸ்குரூவுக்கெல்லாம் அடியில குடுத்து திரும்ப மாட்டினேன். ஸ்விட்ச்சைப் போட்டா இங்கிலீஷ்ல இன்னாமோ கேட்டுச்சு, F1 அமுக்குன்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன். சத்தமே இல்லீங்க. குதிச்சேன்.

கதவு ஜன்னலை சாத்தி, சந்துலெல்லாம் துணியை அடைச்சு, படிக்க ஆரம்பிச்சேன். பாதி கதை தாண்டலை, திரையில ஓரமா காட்டுற சூட்டு நம்பரு ஏறுது. எழுவது, எம்பது, அதுக்கும் மேல. நிறுத்தினா திரும்ப மொதல்ல இருந்து படிக்கணும், வெளிய வெயில் சாயுது. அந்த ஆத்திரத்துல மைக்கை மூடிக்கினு விசில் அடிச்சுட்டேன்.

இது உங்களுக்குப் புரியாது, சொல்றேன். களத்துல சாமை தூத்தும்போது காத்து நின்னுட்டா, நாங்க நீட்டமா ஒரு விசில் அடிச்சுக் கூப்டுவோம். வரும். அதை வூட்டுக்குள்ள மட்டும் அடிக்கவே கூடாதும்பாங்க. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்ல, பழக்கதோஷம், சூடுன்னதும் வாய் தானா குவிஞ்சிடுச்சு.

சத்தியமா சொல்றேங்க. அடைச்ச ரூம்பு, துணி அசையலை, ஆனா என் பிடரி முடி பறந்துச்சு. பக்கத்துல ஒருத்தர் மொறம் வீசுற மாதிரி. நம்பர் எறங்குது, எழுவது, அம்பது, நாப்பது. மயிர்க்கூச்செடுத்துப் போச்சு, எழுந்து ஓடலாம்னுதான் இருந்துச்சு, ஆனா ஓடினா வாணியம்பாடிதான். பல்லைக் கடிச்சுக்கினு கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அனுப்பினேன். பொழுது போறதுக்குள்ள "சூப்பர் மேடம், தொடர்ந்து பண்ணுங்க"ன்னு பதில் வந்துடுச்சு.

மறுநாள் காலையில பெருமை பீத்திக்க பாய்க்கு வீடியோ கால் போட்டு பொட்டியைத் தொறந்து காட்டினேன். அவரு போனைக் கிட்ட கொண்டாரச் சொன்னாரு. "இன்னாமா இது, ஃபேன் ஒயரே தொங்கினு கீது? இதை மாட்டவே இல்லியே நீங்க"ன்னாரு. ஆமாங்க, தொங்குது. F1 அமுக்கச் சொன்ன அந்த இங்கிலீஷு அதைத்தான் சொல்லியிருக்குது. "ஃபேன் ஓடாம இவ்ளோ நேரம் தாங்காதும்மா, சான்ஸே இல்ல"ன்னு அவரு பாட்டுக்கு சொல்லிக்கினே இருக்காரு.

ஒயரை மாட்டிட்டேன். இப்ப ஃபேன் சுத்துது, ஆனா சத்தம் இல்ல. அந்தப் பழைய ஃபேன் சத்தமில்லாம சுத்தாதுன்னு பாய் இன்னும் அடிச்சு சொல்றாரு. வேலை நல்லா போகுது, வாணியம்பாடி பேச்சை எங்க வூட்டுக்காரரு எடுக்கிறதே இல்ல. அவருக்கு எல்லாத்தையும் சொன்னப்போ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "கூப்ட்டியே, அனுப்பினியா?"

தூத்தி முடிஞ்சா ஒரு கைப்பிடி சாமையை வீசி "போய்ட்டு வா தாயே"ன்னு சொல்லி அனுப்புறது எங்க வழக்கம். நான் அனுப்பலீங்க. ரெண்டு தபா சாமையை கையில எடுத்துக்கினு அந்தப் பொட்டி முன்னாடி நின்னேன், அனுப்பிட்டா சத்தம் திரும்ப வந்துடுமோன்னு பானையிலயே போட்டுட்டேன். பயமாத்தான் இருக்குது, ஆனா மலையை வுட்டு எறங்க மாட்டேன்னு சொன்னேன் பாருங்க, அதுல மாத்தம் இல்ல.

நேத்து மத்தியானம் மலை பூரா கரண்ட் இல்ல. பொட்டி ஆஃப், ஃபேன் நின்னுபோச்சு, நானே பாத்தேன். சும்மா பின்பக்கம் கையை வெச்சேன். சில்லுனு காத்து வந்துக்கினே இருந்துச்சு.