நடீனுக்குக் கிடைத்த நேரம்

அப்போதெல்லாம் திங்கட்கிழமை காலையில் தபால்காரி நடீன் பாலிக் எப்படி நடந்து வருகிறாள் என்பதைப் பார்த்தே, சனிக்கிழமை ஆட்டம் எப்படிப் போயிற்று என்று எங்கள் தெருவில் சொல்லிவிடுவார்கள். தபால் பை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாறியிருந்தால் தோல்வி. படியேறாமல் கீழேயே நின்று, கடிதம் வாங்குகிற வீட்டுக்காரியிடம், "ஹாரியட், கொஞ்சம் இறங்கி வந்து வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டால் படுதோல்வி.

பிட்ஸ்பர்குக்குத் தெற்கே, ஆற்றோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெண்களுக்கென்று எங்களுக்கு ஒரு ஃபுட்பால் அணி உண்டு; காலால் உதைக்கிற பந்தாட்டம் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, ஆண்கள் ஆடுகிற அதே ஆட்டம், அதே முட்டல் மோதல். சம்பளம் கிடையாது. ஆளாளுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறேன். வசந்தம் பிறந்ததும் உயர்நிலைப் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் ஆடுவோம். நான் சென்டர், குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பவள். அப்போது அதை வாங்குகிற குவாட்டர்பேக் நடீன். வாங்கிய பந்தை ஓடுபவளிடம் கொடுப்பதா, தூரத்தில் இருப்பவளுக்கு எறிவதா என்பது அவள் பொறுப்பு. எதிரணிக்கு வேண்டியதும் அவள்தான். என்னையும் எனக்கு இரண்டு பக்கமும் நிற்கிற நான்கு பேரையும் தாண்டி வந்துவிட்டால் அவளைத் தரையில் சாய்த்துவிடலாம்.

தாண்டி வந்தார்கள். மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்தார்கள்.

முன்வரிசையில் நிற்க யாருக்கும் ஆசையில்லை. பந்து பிடிக்கும் கனவோடு வந்த ஒல்லிப் பெண்களைப் பிடித்து, "இந்த வருஷம் மட்டும் முன்னால நில்லும்மா" என்று நிறுத்தி வைத்திருந்தார் எங்கள் கோச் வெண்டெல். எதிரே வருகிறவள் ஒரு தள்ளு தள்ளினால் அவர்கள் நடீன்மேலேயே வந்து விழுவார்கள். நடீனுக்கு நல்ல கை. கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள். மைதானத்தின் பாதி தூரத்துக்குச் சுலபமாக எறிவாள். ஆனால் எறிய நின்றால்தானே. இரண்டாவது வருடத்திலேயே அவள் தூரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டாள். பந்து கைக்கு வந்ததும் கண் நேராக எதிரணிக்காரிகள்மேல் போகும். வருகிறார்களா, எந்தப் பக்கம் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பாள். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு எங்கேயாவது வீசிவிடுவாள். மூன்றாவது வருடம் ஒஹையோ அணியுடன் ஆடியபோது ஐம்பத்தைந்தாம் எண்காரி ஒருத்தி வந்து மோதியதில் விலா எலும்பு விரிசல் விட்டது.

அவள் கணவர் ராஸ் ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்க்கிறவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் ஆட்டம் தொடங்கினால் வண்டி நிறுத்துமிடத்தில் தன் பிக்கப்புக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து முதலில் யார் வெளியே வந்தாலும் ஒரே கேள்விதான்: "நடக்கிறாளா?"

நான்காவது வருடம் தொடங்குமுன் நடீன் என் வீட்டுக்கு வந்தாள். காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

"கார்லா, இந்த வருஷத்தோட போதும்னு நினைக்கிறேன்."

"ஏன், ராஸ் ஏதாவது சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு." கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் பயந்தாங்கொள்ளின்னு ஊரே பேசுது. நிஜந்தானோன்னு எனக்கே தோணுது."

அவளை யாரும் மோதாமல் முன்னால் நின்று காக்க வேண்டியவள் நான்.

அந்த மார்ச்சில்தான் ஒடெஸா டேட் வந்து சேர்ந்தாள். மாவட்டச் சிறையில் காவலர். கல்லூரி நாளில் குண்டு எறிதல் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கியவள். எங்கள் பழைய தோள்கவசங்களில் ஒன்றுகூட அவளுக்குச் சேரவில்லை. புதிதாக வரவழைக்க வேண்டியிருந்தது. தன்னோடு வேலை பார்க்கிற இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதல் நாள் பயிற்சியில் என் இடது பக்கம் வந்து நின்ற ஒடெஸா, வெண்டெலிடம் கேட்டாள்: "பந்து யாரு தூக்கிட்டு ஓடுவா?"

ரோலண்டா ப்ரூயிட் கையைத் தூக்கினாள். சலூன் வைத்திருப்பவள். குட்டையாக, உருண்டையாக இருப்பாள். காலில் சக்கரம் கட்டியது போல் ஓடுவாள்.

"என் முதுகை ஒட்டி வா. நான் போற வழியில ரோடு இருக்கும்" என்றாள் ஒடெஸா.

"வேகத்தைக் குறைக்க மாட்டேன், பின்னால இடிச்சிடுவேன்."

"இடி பாக்கலாம்."

முன்வரிசை வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நாங்கள் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. முதல் ஆட்டத்தில் நடீன் பக்கத்தில் ஒருத்திகூட வரவில்லை. ஆனாலும் பழைய மாதிரியே கண்ணை இடுக்கி அவசர அவசரமாக வீசினாள். அதில் மூன்று எதிரணியின் கைக்குப் போயின. தோற்றோம். ஒடெஸா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணை நான் கட்டிப்பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். மூச்சு வாங்குது அவளுக்கு. நீ என்னத்துக்கு பந்தை அப்படித் தூக்கிப் போட்டே?"

"வராங்கன்னு நினைச்சேன்."

"யாரு வந்தா?"

நடீன் தன் விலாவைத் தொட்டுக்கொண்டாள். அதை ஒடெஸா பார்த்துவிட்டாள் போலும். குரலைத் தணித்துக்கொண்டு, "சரி விடு. ரொம்ப அடி வாங்கியிருக்க" என்றாள்.

அடுத்த வாரம் வெண்டெல் ஒரு முடிவோடு வந்தார். "நடீன், இந்த ஆட்டத்துல நீ எறிய வேண்டாம். ஒரு தடவைகூட."

"அப்புறம் நான் எதுக்கு?"

"கார்லா கிட்ட வாங்கு, ரோலண்டா கிட்ட கொடு."

"கையில கொடுத்துட்டுப் போறதுக்கு இங்க வரணுமா, கோச்? வாரம் பூரா அதைத்தானே செய்யறேன்."

"அப்போ பழகின வேலைதானே" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நடீன் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

அந்த ஆட்டம் முழுக்க ஓட்டம்தான். எறியும் ஆட்டத்தில் நாங்கள் பின்வாங்கி நின்று அடி வாங்க வேண்டும். ஓடும் ஆட்டத்தில் நாங்களே போய் இடிக்கலாம். முன்வரிசைக்காரிகளுக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்லை. ஒடெஸா ஒருத்தியைத் தள்ளிக்கொண்டே போவாள்; அந்த இடைவெளியில் ரோலண்டா நுழைவாள்; நான்கு கஜம், ஐந்து கஜம். மறுபடியும் அதே. பந்தைக் கொடுத்துவிட்டு நடீன் சும்மா நின்றாள். யாரும் அவளை மோதவில்லை. முதல் பாதியில் ஒவ்வொரு முறையும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். இரண்டாம் பாதியில் அதை மறந்துவிட்டாள். ஜெயித்தோம்.

மூன்றாவது ஆட்டம் ஒஹையோ அணியுடன், எங்கள் மைதானத்தில். அந்த ஐம்பத்தைந்தாம் எண்காரியும் வந்திருந்தாள். அன்று உடைமாற்றும் அறையில் நடீனுக்கு ஷூ நாடா கட்ட வரவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன். ஒடெஸா பக்கத்து பெஞ்சில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"எது அது, உன் எலும்பை உடைச்சது?"

"ஐம்பத்தஞ்சு."

"எந்தப் பக்கம் நிக்கும்?"

"இடது பக்கம். உன் எதிர்லதான்."

"நல்லது" என்று தோலைக் கூடையில் போட்டாள்.

காலையிலிருந்து மழை. மைதானம் சேறாகக் கிடந்தது. ஓடினோம், இடித்தோம், விழுந்தோம், மறுபடியும் ஓடினோம். ஐம்பத்தைந்து நல்ல ஆட்டக்காரிதான். முதலில் ஒடெஸாவோடு சரிக்குச் சரி நின்றாள். ஆனால் அந்த எடையை ஒவ்வொரு முறையும் தாங்குவது என்றால் லேசில்லை. இடைவேளை நெருங்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம்.

இடைவேளையில் கழிப்பறைக்குப் போக வண்டியை விட்டு இறங்கிய ராஸ், வேலியோரம் நின்ற நடீனைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சேற்றில் புரண்ட எருமைகள் மாதிரி இருந்தோம். அவள் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது.

"உன்ன உக்கார வச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பின்ன சட்டை?"

நடீன் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டாள். அவளும் அப்போதுதான் கவனித்தாள் என்று நினைக்கிறேன். "யாரும் வரல, ராஸ்" என்றாள்.

ராஸ் வண்டிக்குத் திரும்பவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் அங்கேயே நின்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது எதிரணி மொத்தமும் முன்னால் நெருங்கி வந்து நின்றது. ரோலண்டாவை நிறுத்தாவிட்டால் தப்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் காவலுக்கு இருந்தவர்கள்கூட நாலடி முன்னால் வந்துவிட்டார்கள். வட்டமாகக் கூடி நின்றபோது, "இப்போ கொடுக்கற மாதிரி காட்டப் போறேன்" என்றாள் நடீன். வெண்டெல் சொல்லி அனுப்பியதா, அவளாகவே முடிவு செய்ததா என்று நான் கேட்கவில்லை.

பந்தைக் கொடுத்தேன். நடீன் அதை ரோலண்டாவின் வயிற்றருகே நீட்டி, அப்படியே தன்னிடம் இழுத்துக்கொண்டாள். ரோலண்டா வெறும் கையை மடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். எதிரணியில் பாதிப்பேர் அவள்மேல் விழுந்தார்கள். ஐம்பத்தைந்தை ஒடெஸா பிடித்து வைத்திருந்தாள். என் எதிரே இருந்தவளை மடக்கிக்கொண்டே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். நடீன் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பந்து கையில், தலை நிமிர்ந்து, கண் தூரத்தில். என்ன செய்வது என்று ஒரு நொடி அவளுக்குத் தெரியாமல் போனது போலிருந்தது. அவ்வளவு நேரம் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. பிறகு நிதானமாகக் கையைப் பின்னால் கொண்டுபோய் எறிந்தாள். மைதானத்தின் அந்தப் பக்கம் எங்கள் ஆள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். பந்து அவள் கையில் போய் உட்கார்ந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டினாள்: டச்டவுன், பின்னால் உதைத்ததையும் சேர்த்து ஏழு புள்ளி.

அதற்குப் பிறகு எதிரணிக்குக் குழப்பம். முன்னால் வந்தால் நடீன் எறிவாள். பின்னால் நின்றால் ரோலண்டா ஓடுவாள். கடைசிக் கட்டத்தில் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து எங்களிடம் வந்தது. ஆறேழு நிமிடம் பாக்கி. அவர்கள் கைக்குப் பந்து போனால் எதுவும் நடக்கலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் என்று நகர்த்திக்கொண்டே போனால் பந்து எங்களிடமே இருக்கும்.

"எறியணுமா?" என்று கேட்டாள் நடீன்.

"ஏன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் ரோலண்டா, மூச்சு வாங்கியபடி.

ஒடெஸா சேற்றைத் துப்பினாள். "என் பக்கமே கொண்டா."

அவள் பக்கமே போனோம். மூன்று கஜம், ஐந்து கஜம், வழுக்கி விழுந்து இரண்டு கஜம். கடிகாரம் ஓடியது. பந்து அவர்கள் கைக்குப் போகவே இல்லை. கடைசியில் நடீன் பந்தை வாங்கி மெதுவாக ஒரு முழங்காலை மடித்துச் சேற்றில் ஊன்றினாள். அப்படி ஊன்றினால் பந்து அங்கேயே நின்றுவிடும், கடிகாரம் மட்டும் ஓடும்; ஆட்டம் முடிந்தது. அன்று அவள்மேல் பட்ட சேறு அது ஒன்றுதான்.

ஐம்பத்தைந்து வந்து கை கொடுத்தாள். "உன் பக்கத்துலயே வர முடியலடி இன்னைக்கு. எங்க பிடிச்சீங்க அவளை?"

"ஜெயில்ல" என்றாள் நடீன். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அப்படியே நிலைத்தது. அந்த வருடமும் அதற்கடுத்த இரண்டு வருடமும் ஆடினாள். கோப்பை எதுவும் வாங்கவில்லை. அரையிறுதியில் ஒருமுறை நன்றாகத் தோற்றோம். ஆனால் எலும்பு எதுவும் உடையாமல், தானாக முடிவு செய்து, ஒரு செப்டம்பர் மாதம் வெண்டெலிடம் போய், "போதும் கோச்" என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டாள். இப்போது புதுப் பெண்களுக்கு எறியக் கற்றுக்கொடுக்க வருகிறாளாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்; அதெல்லாம் இல்லை. சனிக்கிழமைகளில் ராஸோடு மீன் பிடிக்கப் போகிறாள்.

ஒஹையோவை ஜெயித்த அன்று மட்டும் ராஸ் எங்கள் முன்வரிசை ஐந்து பேரையும் விடவில்லை. பாலத்தடியில் இருக்கிற உணவகத்துக்குக் கூட்டிப் போனார். பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை தட்டுத் தட்டாக வந்தது. ஒடெஸாவுக்கு மீன் சாண்ட்விச்சும் இரண்டு. நடீன் மூலையில் சாய்ந்து, எங்கள் கூச்சலுக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள். ராஸ் மட்டும் சாப்பிடாமல் ஒடெஸாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமும் வந்துடுவீங்கல்ல?"

"அடுத்த வாரம் என் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம் இருக்கே."

ராஸின் முகம் விழுந்துவிட்டது. "எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"ஆட்டம் சனிக்கிழமைதானே?"

"ஆமா, சனிக்கிழமைதான்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் முள்கரண்டியைக் கையில் எடுத்தார்.