கேன்டீன் சுவரில் நாலு சொற்கள்

கவரைப்பேட்டையில் அப்போது எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருந்தது. பைக் டேங்கில் நெருப்பு, ஆட்டோவின் பின்கண்ணாடியில் பிள்ளைகளின் பெயர், லாரி முகப்பில் பெரியபாளையத்து அம்மன் துணை. இவற்றையே ஒட்டி ஒட்டி, ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது பூமியில் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு முப்பது வயதிலேயே வந்துவிட்டிருந்தேன்.

என் மனைவி கும்மிடிப்பூண்டியில், காருக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை பிளேடால் சீவி எடுப்பது அவள் வேலை. ஆறு வருடமாகச் சீவிக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை அந்த வருடம் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு. கம்பெனி பஸ்ஸில் இடம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளக்கூட அந்தப் பேச்சுதான்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. யாராவது வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகள் முதலில் பெயிண்ட் அடிக்கும். மெஷின் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்புறம். கேன்டீனின் பச்சைச் சுவர் அவசர அவசரமாக வெள்ளையானது. அதில் ‘முதல் தடவையே சரியாகச் செய்வோம்’ என்று ஸ்டிக்கரில் ஒட்ட வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. ஆள் யாராவது தெரியுமா என்று அவள் வேலை செய்யும் லைனுக்கே வந்து கேட்டிருக்கிறார். இவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

“நல்லா செஞ்சி குடுத்துடு யா. லிஸ்ட் போடற நேரம்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள்தான் என்னை கேட்டைத் தாண்டி உள்ளே அழைத்துப்போனாள். சுவருக்குப் பெயிண்ட் அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. புதுப் பெயிண்ட் வாரக்கணக்கில் காய வேண்டும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை, போதும் என்றிருந்தது. அத்தோடு நிற்காமல், பைக் டேங்குக்குச் செய்வதுபோலச் சோப்புத் தண்ணீரை வேறு பீய்ச்சி அடித்தேன். டேங்கின் மேல் தண்ணீர் இருந்தால் ஸ்டிக்கரை நகர்த்தி நேராக்கலாம், தேய்த்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும். சுவர் அப்படித் திருப்பித் தராது. குடித்துவிடும்.

நூல் பிடித்து, முழ உயர எழுத்துகளை வரிசையாக ஒட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து, எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்திருந்த மேல்தாளை உரித்தேன். தாளோடு முதல் எழுத்தும் வந்தது. எழுத்தோடு பெயிண்டும் வந்தது. பழைய பச்சை எனாமல் மேல், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமலே வெள்ளையை அடித்திருக்கிறார்கள். ‘மு’ இருந்த இடத்தில் பச்சையாக ஒரு ‘மு’, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி.

என் பெயரைச் சொன்னவள் பக்கத்திலேயே நிற்கிறாள். பெயிண்டரைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன், சுவரைக்கூடத் திட்டினேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் அந்தப் பச்சை ‘மு’வின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டாள்.

“பிசிறுதானே. நான் பாத்துக்கறேன், நீ உரி.”

ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் பிளேடை ஓட்டினாள். அதன்பிறகே என்னை உரிக்கவிட்டாள். பெயிண்ட் வராத இடத்தில் சுரண்டி எடுத்தாள். சாயங்காலம் வெள்ளைச் சுவரில் பச்சை எழுத்துகள், செதுக்கி வைத்ததுபோல நின்றன. சுவரில் என் ஸ்டிக்கர் ஒரு துண்டுகூட இல்லை.

வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுத்துகளைத் தடவிப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டாராம். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பி, இது என்ன முறை என்று கேட்டார். சுவரின் அடிநிறத்தையே எழுத்தாக வெளியே எடுப்பது, எல்லாராலும் முடியாது என்று அளந்தேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

“ஓரம்லாம் எவ்ளோ சுத்தமா இருக்கு. கூட யாராச்சும் செஞ்சாங்களா?” என்றார்.

“நான் ஒர்த்தன்தான் சார்.”

பெண்டாட்டி கையால் தப்பித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. ஆபீஸ், வராந்தா, கேட் என்று மிச்ச வேலையையும் அவர் எனக்கே கொடுத்தார்.

மாதக் கடைசியில் லிஸ்ட் ஒட்டினார்கள். நாலே பேர். அவள் பெயர் இல்லை. புதிதாக ஒரு ஃபினிஷிங் பிரிவு தொடங்குகிறார்களாம். ஓரவேலை சுத்தமாகச் செய்கிறவர்கள் யாரென்று மேனேஜர் விசாரித்துத்தான் அந்த நாலு பேரை எடுத்தாராம். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். நான் மேனேஜரிடம் சொன்ன பதிலும் லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. தட்டிலிருந்து நான் தலையை நிமிர்த்தவில்லை. வெட்கமாக இருந்தது.

“அவரு ஆள் கேட்டப்ப நான் உன் பேரச் சொன்னேன் யா,” என்றாள்.

குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். மோர் வேண்டுமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஊற்றிவிட்டாள்.