இருபது முறை புரட்ட வேண்டும்

வருடத்தில் இரண்டு நாட்களுக்கு மட்டும் மார்லிஸ் முந்தின மாலையே தலை கழுவி, முடியைச் சுருட்டி வைத்துக்கொள்வாள். கல்குவாரிக்குப் போகிறவளுக்கு இது வேண்டாத வேலை. போய்க் கால் மணி நேரத்தில் புருவம் வரை சுண்ணாம்பு படிந்துவிடும். ஐம்பத்தைந்து வயதில் அது தெரியாதவளா? ஆனாலும் ஏப்ரலில் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள், வாப்சி ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கும் குவாரிக்குப் போவதற்கு முன் அவள் அதைச் செய்யாமல் இருந்ததில்லை. மற்ற இருபத்திரண்டு குவாரிகளுக்கும் ஒரு தொப்பி போதும்.

அவள் அயோவாவில் மாநில அரசுக்குச் சுண்ணாம்பு மாதிரி எடுப்பவள். மக்காச்சோளம் போட்டுப் போட்டு, உரம் கொட்டிக் கொட்டி மண் புளித்துப்போகும். அந்தப் புளிப்பை முறிக்க, சுண்ணாம்புக்கல்லை அரைத்த தூளை லாரி லாரியாக வாங்கி வயலில் இறைப்பார்கள். எல்லாக் குவாரித் தூளும் ஒன்றல்ல. நூறு பங்கில் எத்தனை பங்கு மண்ணில் வேலை செய்யும் என்று மாநிலம் சோதித்து ஓர் எண் கொடுக்கும். மாவு போன்ற நுண்தூள் நிறைய இருந்தால் எண் ஏறும். பருக்கை மிகுந்தால் இறங்கும். ஏக்கருக்கு எத்தனை டன் என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எண் வருவதற்கு யாராவது போய்க் குவியலில் மண்வெட்டியைப் போட வேண்டும். கிழக்கு மாவட்டங்களில் பதினெட்டு வருடமாக அந்த ஆள் மார்லிஸ்தான்.

அவள் அப்பா சுண்ணாம்பை நம்பாதவர். பதினாறு வயதில் அவள் பள்ளியிலிருந்து சோதனைக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டுக் குதிரைமசால் தீவன வயலின் மண்ணைக் கரைத்துக் காட்டினாள். "புளிக்குதுன்னு சொல்ல மண்ணுக்கு நாக்கா இருக்கு?" என்று கேட்டார். மூன்று வருடம் கழித்து ஒரு லோடு வாங்கி இறைத்தார். குதிரைமசால் முழங்காலைத் தாண்டி வளர்ந்ததும், அது தன் யோசனை என்று தேவாலயத்தில் எல்லோரிடமும் சொன்னார். வயல் பிறகு அண்ணனுக்குப் போனது. அவள் இரண்டு வருடம் படித்துவிட்டு மாநில வேலையில் சேர்ந்தாள். ஒருவன் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தான். பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. அம்மாவோடு ஊருக்குள் ஒரு சிறிய வெள்ளை வீட்டில் இருந்தாள். இப்போது அம்மா இல்லை.

வாப்சி குவாரியில் லாரி எடைமேடையைப் பார்த்துக்கொள்பவர் டெல்மர் குசேரா. மெலிந்த, உயரமான மனிதர். அவளைவிட ஆறு வயது மூத்தவர். முதல் வருடம் அவள் அரசு வண்டியிலிருந்து இறங்கியபோதே வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"வாங்க கவர்மெண்ட்டு! கல்லு இன்னும் கல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க."

அன்றிலிருந்து அவளுக்கு அங்கே அதுதான் பெயர்.

மாதிரி எடுப்பதற்கு விதி இருந்தது. குவியலில் பத்து இடத்தில் தோண்டி எடுத்ததை ஒரு கித்தான் துணியில் கொட்ட வேண்டும். அரசுத் துறையின் ஆள் ஒரு பக்கம், குவாரியின் ஆள் எதிர்ப்பக்கம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தூக்க, மற்றவர் தாழ்த்த, தூளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக் கலக்க வேண்டும். இருபது முறை புரட்ட வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தது. பிறகு குவித்து, தட்டையாக்கி, நான்காக வகுத்து, எதிரெதிர் கால்பங்குகளைத் தள்ளி, கடைசியில் இரண்டு பை. ஒன்று மாநிலத்துக்கு, ஒன்று குவாரிக்கு. இரண்டிலும் இருவர் கையெழுத்து.

டெல்மரின் மனைவி ஆர்லீன், அந்த இரண்டு நாளும் கசகசா வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்புவாள். "சுண்ணாம்புக்காரம்மாவுக்கு" என்று டப்பா மூடியில் எழுதியிருக்கும். மார்லிஸ் நன்றி எழுதிய சீட்டோடு டப்பாவைத் திருப்பி அனுப்புவாள். பதினோரு வருடம் அப்படிப் போனது. புரட்டல் இருபது என்றால் இருபதுதான்.

ஆர்லீன் நோயில் இறந்த பிறகு வந்த ஏப்ரலில் மேசையில் டப்பா இல்லை. அடுத்த அக்டோபரில் இருந்தது. டெல்மர் தானே சுட்டிருந்தார்.

"பல்லு ஜாக்கிரதை. நாலாம் நம்பர் சல்லடையில போட்டாக்கூட இது கீழ இறங்காது."

மார்லிஸ் இரண்டு தின்றாள். அன்றுதான் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று நிறுத்தினார்.

"எத்தனை ஆச்சு?"

"பதினாலு."

"எனக்கென்னவோ ஒன்பதுன்னு தோணுது."

"பதினாலு, டெல்மர்."

"சந்தேகம்னு வந்துட்டா குறைச்சலாத்தான் எடுத்துக்கணும். நாளைக்கு ரெண்டு பேரும் அரசாங்கத்தை ஏமாத்திட்டோம்னு பேர் வரக் கூடாதில்ல?"

அவள் யோசித்தாள். மேட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஆறு பழுப்பாக ஓடியது. "சரி, ஒன்பது," என்றாள்.

அதன் பிறகு ஏழு வருடம் அவர்களுக்கு எண்ணிக்கை சரியாக நின்றதே இல்லை. துணியின் இரு பக்கமும் நின்று பேசுவார்கள். அவருடைய மகள் டென்வரில் வாங்கிய வீடு, மார்லிஸின் அம்மாவின் மறதி, ஆற்றில் வெள்ளம் எடைமேடைப் படி வரை வந்தது. முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து என்று கைகள் தம்பாட்டில் தூக்கித் தாழ்த்தும். அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார் என்றுதான் வெளியே தெரியும். அவள் ஒருமுறைகூட விட்டதில்லை. மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து புருவத்தைத் துடைக்கும்போதும் அந்த எண் அவளிடம் இருக்கும். அடுத்த முறைக்கு ஆறு மாதம்.

இரண்டு வருடம் முன்பு அவளுடைய மேலதிகாரி கென்ட் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தான். மேலே கொட்டினால் வரிசைத் துளைகள் வழியாகத் தூள் இரு பக்கமும் சரிபாதியாக விழும். ஒரே ஆள் போதும். "விதியப் புதுப்பிக்கப் போறோம், மார்லிஸ். எல்லா எடத்துலயும் துணியிலயும் எடுங்க, பெட்டியிலயும் எடுங்க. எது சரின்னு பாப்போம்."

வாப்சியில் டெல்மர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்னது, தபால் பெட்டியா?"

"தூளைப் பிரிக்கிறது."

"அப்ப நான் எங்க நிக்கணும்?"

அவள் முதல் மண்வெட்டித் தூளைப் பெட்டியில் கொட்டினாள்.

நான்கு பருவங்களின் எண்கள் வந்தன. மற்ற குவாரிகளில் துணிக்கும் பெட்டிக்கும் அரைப் புள்ளிகூட வித்தியாசமில்லை. வாப்சியில் மட்டும் பெட்டி ஆறு புள்ளி கூடக் காட்டியது. மார்லிஸ் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தாள். ஏழு வருடத்துக்கு முன்பு வரை வாப்சியின் எண்ணும் உயரமாகத்தான் இருந்தது. பிறகு இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தது. கல் மாறவில்லை. அரவை மாறவில்லை. அறுபது முறை புரட்டினால் மேட்டுக் காற்று நுண்தூளை அள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? நல்ல கல்லுக்கு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்கித் தந்திருந்தார்கள்.

"இந்த ஒரு எடம் மட்டும் ஏன் இப்படி?" என்று கென்ட் கேட்டான்.

"மேட்டு மேல இருக்கு. காத்து," என்றாள்.

அவன் எழுதிக்கொண்டான். பொய் இல்லைதான்.

புதிய விதியின் வரைவு வசந்தத்தில் வெளியானது. துணி போய்ப் பெட்டி வரும். குவாரிக்காரர்களே பிரித்துத் தபாலில் அனுப்பலாம். யாராவது புகார் செய்தால் மட்டும் துறையின் ஆள் நேரில் போவார். மார்லிஸுக்குச் சோதனைக்கூடத்தில் ஒரு மேசை ஒதுக்கப்பட்டது.

ஏப்ரலில் அவள் அதை டெல்மரிடம் சொன்னாள். அவர் துணியின் முனைகளைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அப்ப அக்டோபர்ல?"

"தபால்ல அனுப்பிடலாம்."

அன்று அவர் மூன்று முறை "ஒன்பது" என்றார். மூன்று முறையும் அவள் சரி என்றாள்.

ஜூனில் மாநிலத் தலைநகரில் பொது விசாரணை வைத்தார்கள். யாருக்கும் கருத்து இருந்தால் வந்து சொல்லலாம். சுண்ணாம்பு விதிக்கு யார் வரப்போகிறார்கள்? கென்ட் ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இருபது காலி நாற்காலிகளைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்தான். கதவு திறந்தது. துக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டில் டெல்மர் உள்ளே வந்தார். இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். மார்லிஸ் கையிலிருந்த காகிதங்களைத் தேவையில்லாமல் அடுக்கினாள். தலை கழுவாத நாள்.

அவர் எழுந்து நின்று, மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்துப் பேசினார். "துணிய எடுக்க வேண்டாம்னு சொல்ல வந்தேன். துணிக்கு ரெண்டு பேர் வேணும். அதுதான் அதுல நல்லது. அவ்வளவுதான்."

"ரெண்டு பேர் இருந்தா சோதனைக்கு என்ன லாபம், மிஸ்டர் குசேரா?" கென்ட் மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஒருத்தர் தப்பு விட்டா இன்னொருத்தர் பாப்பாங்க."

"பெட்டியில தப்பே வராதே."

"வராதுதான்." டெல்மர் சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "பெட்டியோட பேச முடியாதுங்க."

கென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். "ரெண்டையும் செஞ்சு பாத்தவங்க இங்கயே இருக்காங்க. சொல்லுங்க மார்லிஸ், எது சரியான எண்ணக் குடுக்குது?"

கருவி ஓடிக்கொண்டிருந்தது. துணி என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். கையில் இருந்த தாள்களில் அவளே எழுதிய எண்கள் இருந்தன.

"பெட்டி," என்றாள்.

டெல்மர் தலையசைத்தார். "அப்ப சரி. அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்." தொப்பியை எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவள் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அங்கே அரசு வண்டிகள் மட்டும் நின்றன.

வந்த கருத்து ஒவ்வொன்றுக்கும் துறை எழுத்தில் பதில் தர வேண்டும். வந்தது ஒன்றே ஒன்று. "பெட்டி விவரமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்," என்றான் கென்ட்.

தங்கள் கருத்தைத் துறை கவனமாகப் பரிசீலித்தது என்று தொடங்கி நான்கு வரி எழுதினாள். அதில் தப்பில்லை. அதில் ஒன்றும் இல்லை. கிழித்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து எழுதியது இப்படி இருந்தது:

"தங்கள் குவாரியின் துணி மாதிரிகள் ஏழு ஆண்டுகளாகக் குறைந்த எண்ணைக் காட்டின. இதற்குக் கல்லின் தரம் காரணமல்ல. இம்மாதிரிகள் விதித்த இருபது முறைக்கு மேல், முப்பத்தெட்டு முதல் அறுபத்துமூன்று முறை வரை புரட்டப்பட்டன. அதில் நுண்தூள் காற்றில் போயிற்று. மாதிரி எடுத்த அலுவலர் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் அறிந்திருந்தார், அறிந்தே நிறுத்தவில்லை. குவாரியின் எண் ஆறு புள்ளி உயர்த்தித் திருத்தப்படும்."

கென்ட் இரண்டு முறை படித்தான்.

"அறுபத்துமூணா?"

"ஆமா."

"காத்துன்னு சொன்னீங்க."

"காத்தும்தான்."

"ஏழு வருஷமாவா, மார்லிஸ்?" அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளுடைய கழுத்து சிவந்திருந்தது. அவன் மேலே கேட்கவில்லை. "இது உங்க பணிக் கோப்புல ஏறும், தெரியுமில்ல?"

"தெரியும்."

அவன் கையெழுத்திட்டான். இத்தகைய கடிதங்களின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: மேலும் விவரங்களுக்குத் தொடர்புகொள்ள. அலுவலக எண் ஏற்கனவே அச்சாகியிருந்தது. மார்லிஸ் தன் மேசைக்குப் போய், அதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் பேனாவால் வீட்டு எண்ணை எழுதினாள். ஏழு இலக்கங்களையும் மறுபடி சரிபார்த்தாள். உறையை ஒட்டித் தபால் தட்டில் போட்டாள்.

கிராமத் தபாலுக்கு மூன்று நாள். நான்காம் நாள் மாலை அண்ணன் கூப்பிட்டான், வைக்கோல் கட்டும் இயந்திரம் பழுதென்று. ஐந்தாம் நாள் தேவாலயத்திலிருந்து, இந்த ஞாயிறு காப்பி போடும் முறை யாருடையது என்று. ஒவ்வொரு தடவையும் ஈரக்கையைத் துடைக்காமலே ஓடினாள். ஒரு வாரம் போனது. டெல்மர் தொலைபேசியில் பேசும் வழக்கமுள்ளவர் இல்லை. எடைமேடை அறையில் மணி அடித்தால்கூட அடிக்கட்டும் என்று விடுகிறவர். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தோட்டத்துக்குப் போகும்போது சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை மதியம் பின்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது.

எடுத்ததும் எதிர்ப்பக்கம் லாரி ஒன்று எடைமேடையில் ஏறும் சத்தம் கேட்டது. அது இறங்கிப் போகும் வரை காத்திருந்தாள்.

"மார்லிஸ்?"

அவர் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"சொல்லுங்க, டெல்மர்."

"கடுதாசி வந்துச்சு. முதலாளிகிட்ட காட்டிட்டேன். ஆறு புள்ளி கூடுதுன்னதும் அவருக்கு வேற எதுவும் கண்ணுல படல." கடுதாசியை மடிக்கும் சத்தம் கேட்டது. "நீங்களும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏப்ரல்ல எத்தனையில நிறுத்தினோம்? எனக்கு மறந்துபோச்சு."

அறுபத்துமூன்று. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஒன்பது," என்றாள்.