ஒன்றும் வராத ஊசி

நுரையீரலில் ஊசி விட்டுச் சதை எடுப்பது பாதி கண்ணாலும் பாதி யூகத்தாலும் செய்கிற வேலை. எண்பதுகளில் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் சின்ன டாக்டர். எக்ஸ்ரே திரையில் கட்டியின் நிழல் தெரியும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியாது. இந்த அவஸ்தையில் மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பெரிய டாக்டரின் கை

எங்கள் பெரிய டாக்டர் ஊசி விட்டால் கட்டியிலேயே போய் நிற்கும். நான் விட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும். பாண்டிச்சேரி லேபிலிருந்து எனக்கு வருகிற ரிப்போர்ட் எல்லாம் ஒரே மாதிரி: நோய் தென்படவில்லை, சதை போதாது. அவர் மாதிரியே நின்றேன், அவர் மாதிரியே பிடித்தேன். வித்தியாசம் எங்கே என்று பிடிபடவே இல்லை. அவரிடமே கேட்டேன்.

"கட்டியில பட்டா ஊசி கொஞ்சம் கனக்கும்ப்பா. விட்டுக்கினே இரு, ஒருநாள் தெரியும்."

திடீர்க் கூட்டம்

கொஞ்ச நாளில் நோயாளிகள் என்னையே கேட்டு வர ஆரம்பித்தார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த மளிகைக்கடைக்காரர், பெரிய டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்க, என் அறை வாசலில் காத்திருந்தார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பெரியவரு ஊசி போட்டா கேன்சர்னு வந்துடுது. நீங்க போட்டா ஒண்ணும் இல்லன்னுதான் வருது. கைராசின்னா இதாங்க."

மொட்டையும் லட்டும்

ஏழுமலை கண்டாச்சிபுரம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். இருமினால் ரத்தம். கேன்சரா டி.பி.யா என்று தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும். என் கைதான் வேண்டும் என்று அவர் மனைவி அஞ்சலை ஒரே பிடிவாதம். ஊசி விட்டேன். ரிப்போர்ட்டில் வழக்கம்போல் ஒன்றும் வரவில்லை.

இருவரும் நேரே மயிலம் முருகன் கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டார்கள். ஏழுமலை மொட்டைத் தலையோடு வந்து நின்றார், இன்னும் இளைத்திருந்தார். பார்க்கவே பயமாக இருந்தது. ஊசி கட்டியில் படவில்லை, பெரிய டாக்டரிடம் போங்கள் என்று கெஞ்சினேன். அஞ்சலை பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஒண்ணும் இல்லன்னு வந்ததை ஏன் சார் நோண்டிக்கினு கீறீங்க? லட்டு சாப்பிடுங்க."

கனத்த ஊசி

மறுபடி ரத்தம் வந்ததும் பயந்துபோய் வந்தார்கள். அப்போதும் ஊசி என் கையில்தான் இருக்க வேண்டுமாம். பெரிய டாக்டர் பின்னால் நின்றார். ஏழுமலையை மூச்சைப் பிடிக்கச் சொல்லி உள்ளே விட்டேன். சட்டென்று கனத்தது. அதே ஊசி, அதே கை. எப்படி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ரிப்போர்ட்டில் டி.பி. என்று வந்தது. மாத்திரையில் குணமாகிற நோய். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆள் பிழைத்துக்கொள்வார் என்று சொன்னேன். அஞ்சலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாத்திரை சாப்பிடச் சொல்றேன் சார். ஆனா உங்க கைராசி இப்படிப் போயிடுச்சே."

ஆக, வேலை கைக்கு வந்த அன்றைக்கே கைராசி போய், என் அறை வாசலும் காலியாகிவிட்டது.