விபத்தே நடக்காத ரயில் கம்பெனி

விஸ்கான்சின் மாநிலத்திலேயே ஒரு விபத்துகூட நடக்காத ரயில் கம்பெனி டெல்மர் சாஸ்ட்ரோவுடையதுதான் என்று கோர்டி தீல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய் இல்லை. தண்டவாளம் போட்டால்தானே விபத்து நடக்கும்?

ஒன்பது வருடமாக டெல்மர் இந்தக் குட்டி மாதிரி ரயிலுக்குச் சாமான் மட்டுமே வாங்கிச் சேர்த்தார். வீட்டுக்கு அடியிலிருக்கும் பேஸ்மென்டின் ஒரு சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். சின்னச் சின்ன சரக்குப் பெட்டிகள், கொக்கிகள், சக்கரங்கள், கம்பிச் சுருள்கள், கண்ணாடிப் புட்டிகளில் சலித்து வைத்த ஜல்லி. எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு. மேசை மட்டும் இல்லை. நாற்பது அடி மேசைக்கு எந்த மரம் நல்லது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

மனிதர் அப்படி. காகித ஆலையில் முப்பத்தெட்டு வருடம் ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். அங்கே காகிதம் அறுந்தால் ஒரு நொடியில் முடிவெடுப்பார். வீட்டுக்கு வந்தால் சமையலறைத் தரைக்கு விரிப்பு வாங்க நாலு வருடம். அந்த நாலு வருடமும் வெறும் பலகையில் நின்று சமைத்த வெர்னா இன்னும் அவரோடுதான் குடித்தனம் நடத்துகிறாள் என்றால் அது அவளுடைய நல்ல குணம், வேறொன்றும் இல்லை.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்தக் குளிர்காலத்தில் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவரை, "வாடா, வந்து ரயில் ஓட்டு" என்று முதன்முதலில் கூட்டிப்போனவர் கோர்டி. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஐந்து நண்பர்களில் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் கூடுவார்கள். மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு ரயில் கம்பெனி உண்டு. பெயர், நிறம், சின்னம் எல்லாம் அவரவர் கற்பனை. வீட்டுக்காரர் முதலாளி, வந்தவர்கள் ஊழியர்கள். எந்தப் பெட்டி எந்த ஆலைக்கு, எந்தக் கிடங்குக்கு என்று துண்டுச்சீட்டு கொடுப்பார். மூன்று மணி நேரம் சீட்டுப்படி ஓட்டிவிட்டு மான் இறைச்சி சாசேஜும் சீஸும் தின்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவருடைய லைன் ஒழுங்காக ஓடினால், விருந்தாளி அவருடைய கம்பெனிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் லைனில் ஓட விடுவார். விருந்தாளி கேட்க வேண்டும். வீட்டுக்காரர் தானாக எடுத்து நீட்டினால் அது கௌரவக் குறைச்சல். கோர்டியின் லைனில் மற்ற மூன்று பேருடைய பெட்டிகளும் ஓடின. ஒவ்வொரு முறையும் அவை கடந்துபோகும்போது டெல்மர் எண்ணிப் பார்ப்பார். மூன்றுதான். நாலாவதாகத் தன்னுடையது ஒன்று போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அறுபத்தேழு வயதில் இப்படி ஓர் ஆசையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. வெர்னாவுக்கு மட்டும் தெரியும். அவளிடமும் சொல்லவில்லைதான்.

போன மே மாதம் கூட்டாளி லைல் வீட்டில் கோர்டி வாயில் சாசேஜோடு கேட்டார்: "ஏண்டா டெல், கோடை லீவு முடிஞ்சு அக்டோபர்ல யார் வீடு? எல்லார் வீட்டுலயும் ஒரு சுத்து முடிஞ்சிருச்சே."

"என் வீடு," என்றார் டெல்மர். எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது.

லைல் சீஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

"எந்த வருஷம் அக்டோபர்?" என்று கேட்டார் லைல்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் வெர்னா சமையலறை நாள்காட்டியில் அக்டோபர் முதல் சனியைச் சிவப்பில் வட்டமிட்டாள். பென்சிலில் போடலாமே என்றதற்கு, "பென்சில்னா நீ அழிச்சிருவ" என்றாள்.

அதற்குப் பிறகு டெல்மர் செய்த வேலை, முப்பது வயதுக்காரன் செய்கிற வேலை. மேசைக்கு ஒட்டுப்பலகை, அதன்மேல் நீல நுரைப்பலகை, அதன்மேல் தக்கைப்பட்டை, அதன்மேல் தண்டவாளம். மாதிரி ரயில் சாமான் விற்கும் ஹாபி கடை மார்லிஸுக்கு அவரைக் கண்டாலே பயம். எந்தச் சாமானை எடுத்தாலும் முக்கால் மணி நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள். அந்தக் கோடையில் அவர் நேரே வந்து, "எல்லாப் பெட்டிக்கும் இரும்புச் சக்கரம். எல்லாத்துக்கும் ஒரே ஜாதிக் கொக்கி. கலந்து வாங்கினா ஒண்ணோடொண்ணு பிடிக்காது" என்று சீட்டை நீட்டினார்.

"உங்களுக்கு உடம்பு சரியா இருக்கா டெல்மர்?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"ஏன்?"

"வந்து அஞ்சு நிமிஷம்தான் ஆகுது. வெர்னாவுக்கு ஒரு போன் போடவா?"

வாங்கிய ஒவ்வொரு பெட்டியையும் டெல்மர் எடை போட்டார். பெட்டி லேசாக இருந்தால் வளைவில் துள்ளும். ஆறு அங்குலப் பெட்டி நாலு அவுன்ஸ் இருக்க வேண்டும். குறைந்தால் உள்ளே ஒரு சென்ட் காசுகளை ஒட்டுவார்கள். வெர்னாவின் சமையல் தராசில் மாவுக்குப் பதில் சரக்குப் பெட்டி உட்கார்ந்திருந்தது. "காசைத் திங்கிற ரயில்னு சொல்வாங்க, இப்பத்தான் கண்ணால பாக்கறேன்" என்று சொல்லி அவள் தராசைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளவுத் தகடு. உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு. அதன் பள்ளங்களில் ஓர் அச்சின் சக்கரங்கள் இரண்டும் சரியாக உட்கார்ந்தால் இடைவெளி சரி. மயிரிழை குறைந்தாலும் தடம் பிரியும் பாயின்டில் ஏறி விழும். முப்பத்தொரு பெட்டி, இருநூற்று நாற்பத்தெட்டு சக்கரம். ஒன்றையும் விடவில்லை.

கம்பெனிக்கு 'பெலிக்கன் லேக் நார்தர்ன்' என்று பெயர் வைத்தார். பன்னிரண்டு பெட்டிகளுக்குக் கரும்பச்சை அடித்து, வெள்ளை எழுத்துச் சீட்டைத் தண்ணீரில் நனைத்து ஒட்டினார். நிறத்துக்கு மட்டும் மூன்று வாரம் போனது. அதையும் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

இத்தனை பார்த்தவர் சறுக்கினார். யானைக்கும் அடி சறுக்கும்.

செப்டம்பரில் மில்வாக்கி பக்கம் ஒரு ரயில் கண்காட்சி. கொக்கி வாங்கப் போனார். ஒரு மேசையில் பித்தளையில் செய்த பெரிய நீராவி என்ஜின் நின்றது. பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம், நீளமான கொதிகலன், தலைமயிர் கனத்தில் குழாய்கள். வாழ்க்கையில் முதல்முறையாக டெல்மர் இரண்டு நிமிடத்தில் ஒரு பொருளை வாங்கினார். அதற்குக் குறைந்தது முப்பது அங்குல ஆரமுள்ள வளைவு வேண்டும் என்று விற்றவர் சொன்னார். "என் வளைவு முப்பதுதான்" என்றார் டெல்மர். தானே ஆணியடித்து, குச்சி கட்டி, கோடு போட்டு அறுத்த வளைவாயிற்றே.

வீட்டில் என்ஜின் நேர்ப்பாதையில் ராஜா மாதிரி போனது. வளைவில் முன்சக்கரம் ஏறிக்கொண்டது. மெதுவாக விட்டார், ஏறிக்கொண்டது. பின்னால் தள்ளினார், அப்போதும் ஏறிக்கொண்டது. குச்சியை எடுத்து மறுபடி அளந்ததும் டெல்மர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது அங்குலம் சரிதான், ஆனால் அது பலகையின் விளிம்பு. ரயில் விளிம்பில் ஓடுமா? கீழே விழுந்துவிடக் கூடாதென்று தண்டவாளத்தை மூன்று அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டிருந்தார். வளைவு இருபத்தேழுதான்.

துணி துவைக்க இறங்கி வந்த வெர்னா பார்த்தாள்.

"என்ன டெல், தரையில?"

சொன்னார். விரிப்புக்கு நாலு வருஷம் எடுத்தவன் இதை ரெண்டு நிமிஷத்தில் வாங்கினேன் என்று அவரே சொன்னார்.

"நான் சொல்ல வந்ததை நீயே சொல்லிட்ட. இப்ப என்ன பண்ணணும்?"

"பலகையை மூணு அங்குலம் அகலமாக்கணும். உன் ஃப்ரீசர் இடிக்குது."

"ஃப்ரீசரை கராஜுக்குத் தள்ளிக்கோ. மான் கறிக்கு எங்க இருந்தா என்ன?" வெர்னா துணிக்கூடையை இறக்கி வைத்தாள். "ஆனா ஒண்ணு. பலகையை அறுக்கணும், தண்டவாளத்தைப் பிரிக்கணும், ஜல்லியைச் சுரண்டணும். நாள் ரெண்டு வாரம்தான் இருக்கு. நீ கோர்டிக்குப் போன் பண்ணி, அடுத்த அக்டோபர்னு சொல்வ. அதுக்குள்ள வேற ஒரு மரத்தைப் பத்திப் படிச்சிருப்ப."

டெல்மருக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது அத்தனையும் அவர் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் வந்த கோபம். போன் நம்பர்கூட மனதில் வந்துவிட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே பித்தளை என்ஜினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மார்லிஸிடம் போனார்.

"இதை வச்சுக்கிட்டு இருபத்தேழுல ஓடற என்ஜின் ரெண்டு குடு."

"டெல்மர், இது பித்தளை. ஒரு தடவை விட்டா இன்னொண்ணு கிடைக்காது. யோசிச்சீங்களா?"

"யோசிச்சா குடுக்க மாட்டேன். சீக்கிரம் எடு."

யாரோ ஓட்டிப் பழசாக்கிய இரண்டு குட்டி டீசல் என்ஜின் கொடுத்தாள். ஒன்றின் கைப்பிடிக் கம்பி வளைந்திருந்தது. அழகென்று சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. வீட்டில் வளைவில் விட்டார். இரண்டும் முனகாமல் சுற்றி வந்தன. பித்தளை என்ஜினை நினைத்து அன்று முழுக்க அவருக்கு வயிறு எரிந்தது. அதற்கு அடுத்த நாள் எரியவில்லை. வேலை அவ்வளவு இருந்தது.

அக்டோபர் முதல் சனி, பகல் ஒரு மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். புது லைன் திறக்கும் நாளில் விருந்தாளிகள் ஆளுக்கொரு சொந்தப் பெட்டி கொண்டுவந்து ஓட விடுவது முறை. கோர்டி இருபது வருடமாக வைத்திருக்கும் சிவப்புப் பெட்டியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். படியிறங்கி வந்து நாற்பது அடி லைனையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தண்டவாளம் நிஜமா இருக்குடா! தொட்டுப் பாருங்க, படம் வரைஞ்சு வச்சிருக்கப் போறான்" என்றார்.

டெல்மர் துண்டுச்சீட்டுகளைக் கொடுத்தார். ரயில்கள் கிளம்பின. ஒரு மணி நேரம் ஒரு சக்கரம் விலகவில்லை. இரண்டாவது மணி நேரத்தில், மரக்கிடங்குக்குப் பிரியும் பாயின்டில் ரயில் நின்றது. சிவப்புப் பெட்டி சாய்ந்து கிடந்தது.

எடுத்து வைத்தார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழும்போது பின்னால் வந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

"பாயின்ட் சரியில்லடா டெல்," என்றார் கோர்டி. கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். கிண்டல் என்றால் டெல்மர் தாங்கியிருப்பார். மற்ற மூவரும் தங்கள் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டெல்மர் சிவப்புப் பெட்டியைக் கையில் எடுத்தார். எடுத்ததுமே தெரிந்தது. தேய்ந்த பிளாஸ்டிக் சக்கரம். இடைவெளி குறுகிக் கிடந்தது. தகட்டை வைத்துப் பார்க்கவே வேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்பது வருடக் கேலிக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்திருக்கும். அளவுத் தகடு சட்டைப்பையில்தான் இருந்தது.

கோர்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கிட்டத்தில் இருப்பது அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

"பாயின்ட்ல தூசி இருக்கும்," என்றார் டெல்மர். "லைல், அதைத் துடைச்சு விடு. நான் இந்தப் பெட்டிக் கொக்கியைப் பாத்துட்டு வர்றேன்."

மூலை மேசைக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டார். முப்பத்துமூன்று அங்குல இரும்புச் சக்கரம் என்று சீட்டு ஒட்டிய இழுப்பறை. நிஜ ரயிலின் அளவு அது, உண்மையில் பட்டாணி அளவுதான். பழைய சக்கரங்களைப் பிடுங்கினார், புதியவற்றை அழுத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ரயில் கிளம்பி, மரக்கிடங்குப் பாயின்டைத் தாண்டிப் போனது. மூன்று மணி நேரம் முடியும்வரை வேறெதுவும் விழவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது கோர்டி சிவப்புப் பெட்டியை எடுக்க வந்தார். கையில் வைத்துக் கவிழ்த்தார். அடியில் புது இரும்பு பளபளத்தது. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், தூரக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

"டேய் டெல். உன் கம்பெனிப் பெட்டி ஒண்ணு குடு. என் லைன்ல ஓடட்டும்."

"எது வேணும்?"

"நீதான்டா முதலாளி. நீயே எடு."

"போச்சு!" என்றார் லைல். "பன்னெண்டு பச்சைப் பெட்டி இருக்கு."

மேலிருந்து வெர்னா குரல் கொடுத்தாள்: "கோர்டி, கோட்டைக் கழட்டிட்டு மேல வந்து உக்காரு. டெல் எடுக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் ஆயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்துக்கொண்டே, கைக்கு எட்டியதை எடுத்தார். எடுத்த பிறகுதான் பார்த்தார், அது அவர் எழுத்து ஒட்டிப் பழகிய முதல் பெட்டி. நார்தர்னில் ஒரு எழுத்து சாய்ந்திருந்தது. பக்கத்திலேயே நேரான எழுத்துகளோடு பதினொன்று நின்றன. அவர் சாய்ந்ததையே கோர்டியின் கையில் வைத்தார்.