பரங்கிமலை அடியில் நான் எழுதிய எண்கள்

நம் கல்லூரி விஞ்ஞானச் சங்கத்து உறுப்பினர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஜுபைதா அவர்களைப் பற்றி எழுதத் தகுந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டத்தில் எழுந்து இரண்டு வாக்கியம் பேச வராத நான் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைத் தொடங்கியதிலிருந்து நாலு முறை எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுவிட்டு வந்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மயிலாப்பூரில் கடிகாரம் பழுது பார்க்கும் அவருடைய தந்தையார் எங்கள் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"ஜுபைதா போயிட்டாம்மா. ஜுரம் எறங்கவே இல்ல. இத உன்கிட்ட குடுக்கச் சொன்னா."

பத்து நாள் டைபாய்டு. அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவரும் நானும் பௌதிகப் பிரிவில் மாணவிகளுக்குச் சோதனைகளைச் செய்துகாட்டும் டிமான்ஸ்ட்ரேட்டர்கள். எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். நான் டிராம் கண்டக்டரின் மகள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வேலைக்கு வந்த முதல் நாள் மூலையில் ஒதுங்கி நின்றேன். "இன்னா தனம், சுவத்துக்கு முட்டுக் குடுக்கறியா? வா இங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

நான் சொல்லப்போவது யுத்தம் முடிந்த மறு வருஷம் நடந்தது. இந்தத் தேசத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்து படமாக்கிய பெரிய வேலை, நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன் பரங்கிமலைப் பக்கத்து வெளியில்தான் தொடங்கியது. அதைக் கொண்டாட நம் சங்கம் ஒரு சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்தது. ஜுபைதா ஒப்பவில்லை.

"நடந்து நடந்து அளந்தவங்கள நாற்காலில ஒக்காந்தா கொண்டாடறது? மலை ஏறுவோம். நாமளும் அளப்போம்."

முறை எளியது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அடியில் ஒருவரும் உச்சியில் ஒருவரும் ஒரே நேரத்தில் பாரமானியைப் பார்த்து எழுதினால், இரண்டு எண்களின் வித்தியாசத்திலிருந்து மலையின் உயரம் கிடைக்கும். அவர் தந்தையார் இரண்டு கடிகாரங்களை ஒரே நொடிக்குத் திருப்பி வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினோம். மாணவிகளோடு அவர் படியேறினார். என்னை மரத்தடியில் பாரமானிப் பெட்டியோடு உட்கார வைத்தார். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம். மறக்காத."

இரண்டு முறை ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். அப்போது பூக்கூடையோடு ஒரு அம்மாள் நின்றாள்.

"இன்னா பாப்பா, பொட்டில இன்னா கீது? பாம்பா?"

கூட வந்தவள் சிரித்தாள். "பாம்புன்னா மகுடி எங்க? தொறயேன், நாங்களும் பாக்கறோம்."

இன்னும் நாலு பேர் கூடினார்கள். பெட்டியை மூடி மடியில் வைத்து, மேலே கைகளை வைத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகும் திறக்கவில்லை. வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்று பயம். படிகளில் மாணவிகளின் சிரிப்பு இறங்கி வந்தபோது என் தாளில் ஐந்து இடங்கள் காலியாக இருந்தன. காலை நேரத்தில் பாரமானியின் முள் சற்று ஏறும் என்று படித்திருந்தேன். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஐந்தையும் நானே நிரப்பினேன்.

கணக்குப் போட்டபோது மலை உள்ளதைவிடத் தொண்ணூறு அடி வளர்ந்திருந்தது. சங்கத்தார் கருவிகளைச் சோதித்தார்கள்; பழுதில்லை. என் எண்கள் சீராக ஏறின, அவருடையவை ஏறி இறங்கின. ஆகவே சங்கத்தின் பதிவேட்டில், "உச்சியில் நின்றவரின் பிழை" என்று எழுதப்பட்டது. ஜுபைதா மலைக்கு எரு போட்டுவிட்டாள் என்று கேலி நடந்தது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

"எனக்கு மூச்சு வாங்கிச்சு. கண்ணு தப்பியிருக்கும்" என்றார் அவர். பிறகு என் தாளை வெகுநேரம் பார்த்தார். "உன் எண்ணெல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கு, தனம்."

அதன்பின், "இன்னொரு தரம் போவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு தலைவலி இருந்தது.

அவர் தந்தையார் கொடுத்த நோட்டுப் புத்தகத்தை அன்று மாலைதான் திறந்தேன். பரிசோதனைக்கூடத்துப் பாரமானியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் தனியாக மலையேறியிருக்கிறார். பக்கத்துக்கு இரண்டு வரிசைகள். "உச்சி: ஜுபைதா" என்பதன் கீழே பத்து நிமிஷத்துக்கு ஓர் எண். "அடி: தனம்" என்பதன் கீழே வெறும் கோடுகள். ஓர் இடத்தில்கூட அவராக ஓர் எண்ணைப் போட்டு நிரப்பிக்கொள்ளவில்லை.

போய் வாருங்கள், அக்கா.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைக் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன். பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பிழை அடியில் இருந்த தனத்தினுடையது என்று எழுதுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்களில் யாராவது உச்சிக்கு ஏறுங்கள். நான் அதே மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்கிறேன்.