சூடு அடங்காத எரு

பிள்ளைகளே, ஆலங்குடி வீட்டுக் கொல்லையில் அப்போது வெள்ளரி காய்த்திருந்தது. சாணமும் கோழி எச்சமும் கொட்டிய குப்பைக்குழியிலிருந்து எரு அள்ளிக் கொடிகளுக்குப் போட்டேன்.

"இன்னும் சூடு அடங்கலையேங்க, நல்லா மக்கட்டுமே" என்றாள் உங்கள் அம்மா.

"நீ எப்ப விவசாய ஆபீசரா ஆனே?" என்று சிரித்தேன்.

மறுநாள் உங்கள் அக்கா வள்ளி, எரு ஒட்டியிருந்த பிஞ்சைப் பறித்து, பாவாடையில் துடைத்துத் தின்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கழுவச் சொல்லவில்லை. இரண்டு நாளில் ரத்தபேதி கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

"சோறுதாங்க" என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். வள்ளி வீடு திரும்பவில்லை.

எருவை மக்கவிட்டுப் போடுங்கள். காயைக் கழுவித் தின்னுங்கள். அக்கா காய்ச்சலில் போனாள் என்று இத்தனை நாளும் உங்களிடம் நான் சொன்னது பொய்.